இருபது நிமிடம் மூத்தவள்

ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம்.
எங்களூரில் கேட்கிற பணத்தில் பாதிதான் அங்கே என்று
ஹில்க்கா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.
மிச்சத்தில் எனக்கும் ஒரு டிக்கெட்.
துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம்.

ஊதாப் பேனாவால் அவள் முகத்தில் கோடு போட்டார் டாக்டர் லெப்பிக்.
காதின் முன்னால் இறங்கி, மடலைச் சுற்றி,
பின்னால் ஏறி முடிக்குள் மறைகிற கோடு.
வெட்டுவதற்கு முன் துணியில் சாக்கட்டி ஓடுமே, அதுபோல.
"தோலை மட்டும் இழுத்தால்
எதிர்காற்றில் நிற்கிறவள் மாதிரி ஆகிவிடும்.
அடியில் இருக்கும் தசையைத் தூக்கிக் கட்ட வேண்டும்."
பிறகு என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
மறுபடி என்னை.
"முன்பு எப்படி இருந்தார் என்று படம் எடுக்க வேண்டியதே இல்லை."
ஹில்க்கா சிரித்தாள்.

ஐந்து மணி நேரம்.
துறைமுகம் வரை நடந்தேன்.
மார்ச் மாதத்துப் பனித்தட்டுகள்
ஒன்றையொன்று இடித்துத் தேய்ந்துகொண்டிருந்தன.

என்ன எதிர்பார்க்கலாம் என்று
தலைப்பிட்ட தாள் ஒன்றை என்னிடம் தந்திருந்தார்கள்.
காதுக்குப் பின்னால் குழாய்கள், நுனியில் எலுமிச்சை அளவு குப்பி,
ரத்தம் ஊறி இறங்கும், மறுநாள் எடுத்துவிடுவோம்.
தலையை உயர்த்தியே தூங்குங்கள். குனியாதீர்கள்.
மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சம்.
நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகிக் கழுத்துக்கு இறங்கும்.
கன்னம் மரத்திருக்கும், மாதக்கணக்கிலும் இருக்கலாம்.
ஐஸை நேராக வைக்காதீர்கள்:
உறைந்தாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.
இரண்டு மாதம் சௌனா கிடையாது.
காரணமில்லாமல் அழுகை வரலாம்.

காரணமில்லாமல் என்பதைப் பென்சிலால் அடிக்கோடிட்டேன்.
கூட வந்தவர் எதை எதிர்பார்க்கலாம் என்று
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெற்றிடம்.

மூன்றாம் நாள் ஓட்டல் அறையில்
திருஷ்டிப் பூசணிக்குக் கண் வரைந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள்.
ஆறிய சூப்பைத் தேக்கரண்டியில் ஊட்டினேன்.
பாதி வழிந்தது, வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.
கைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.
திறக்கவில்லை.
மறுபடி பிடித்தாள். ரகசிய எண்ணைக் கேட்டது.
மயக்க மருந்தில் எண் மறந்திருந்தது.
என் பக்கம் திருப்பினாள்.

திறந்துகொண்டது.

முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றவள்.
பிரேம் மாட்டிப் பார்ப்பவர்களின் முன்னால்
நாள் முழுக்கக் கண்ணாடி பிடித்தவள்.
அன்றிரவு, உதடு ஒத்துழைக்காமல்,
ஒவ்வொரு சொல்லாக நொண்டி நொண்டி வந்தது:
"கடைக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிடலாம், ஐலா.
உன்னை எங்கே கவிழ்த்து வைப்பது?"

நான் என்ன சொல்ல.
குப்பி இருந்த இடத்துக் கட்டை மாற்றினேன்.
தலையணையைச் சரிசெய்தேன்.
குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு
அவள் முகத்தை
ரொம்ப நேரம் கழுவினேன்.

மே மாதம் ரொட்டிக்கடைப் பெண்
"உங்கள் தங்கையா?" என்று கேட்டாள்.
இருபது நிமிடம் எனக்கு மூத்தவள் பதில் சொல்லவில்லை,
இலவங்கப்பட்டை பன் இரண்டு கேட்டாள்.
அழகாகத்தான் இருந்தாள். சொல்லிவிடுகிறேன்.
பத்து வருஷத்துக்கு முன் நான் எப்படி இருந்தேன் என்று
அப்போதுதான் தெரிந்தது;
அந்த வயதில் நான் என்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

சௌனாவுக்கு அனுமதி வந்த முதல் சனிக்கிழமை.
கல்லில் தண்ணீர் ஊற்றினேன். ஆவி சீறி எழுந்தது.
ஈரமுடியை ஒதுக்கிக் காதோரம் காட்டினாள்.
இளஞ்சிவப்பாய் ஒரு மயிரிழை, அவ்வளவுதான்.
கைகள் மட்டும் இன்னும் எங்கள் கைகள்,
அதே இடங்களில் அதே பழுப்புப் புள்ளிகள்.

"தொட்டுப் பாரேன்" என்றாள்.

தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.