உறைதல்

தண்டர் பேயிலிருந்து நாற்பது நிமிடம்.
பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் ஓடைக்கு மேலே
பதினெட்டு மீற்றர் பாலம்.
என் கோ-ஒப் தவணையின் பத்தாவது கிழமை.

ட்வெய்ன் லொறியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான்.
கூம்புக்குள் மூன்று அடுக்கு,
அடுக்குக்கு இருபத்தைந்து குத்து.
தூக்கினேன்.
கொங்கிறீற் எண்பது மில்லிமீற்றர் இறங்கி நின்றது,
சொல்வழி கேட்கும் பிள்ளை மாதிரி.
ஆறு சிலிண்டர்கள். மூடிகளில் என் கையெழுத்து.
சூட்டுப் பெட்டிக்குள் அடுக்கி வைத்தேன்.

பின்னேரம் அம்மா கூப்பிட்டா.
போனில் மூன்று வீதம்.
கொள்கலன் அலுவலகத்தில் மிச்சமிருந்ததோ
ஒரே ஒரு பிளக், அதுவும் பெட்டியுடையது.
கழற்றினேன். ஐந்து நிமிடம்தானே.
ஸ்காபரோவில் மழையாம்,
தம்பி கணக்கில் கோட்டை விட்டானாம்,
நீ காதை மூடித் தொப்பி போடுறியா?
வெளியே வான் ஹோர்ன் அடித்தது.
போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

இரவு மைனஸ் ஒன்பது.

விடிய, வெப்பமானி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது.
ஆகக் குறைந்தது: மைனஸ் நான்கு.
ஒரு பொத்தானை அழுத்தினால் மறந்துவிடும்.
அழுத்தினேன்.
படிவத்தில் பதினேழு என்று எழுதினேன்.
பதினெட்டு ஏனோ பொய் மாதிரித் தெரிந்தது.

தமிழில் கொங்கிறீற்றும் உறையும்,
தண்ணீரும் உறையும்.
ஒன்றில் தண்ணீர் சீமெந்தோடு சேர்ந்து கல்லாகிறது.
மற்றதில் யாரோடும் சேராமல்
தனியே பனியாகிறது.
இதைப் பரீட்சையில் எழுதி
முழுப் புள்ளி வாங்கியவள் நான்.

ஏழாம் நாள், ஆய்வுகூடம்.
மார்சி இயந்திரத்தின் கூட்டைச் சாத்தினாள்.
வழமையாக வெடிக்கும். எல்லோரும் ஒருமுறை துள்ளுவோம்.
இது வெடிக்கவில்லை.
தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்து மாதிரி
ஓரம் உதிர்ந்து நின்றது.
பதினொன்று.
அடுத்தது பத்து தசம் ஆறு.
இருபது வந்திருக்க வேண்டும்.

லாட்டினென் ஸ்பீக்கரில் பேசினார்.
வேலையை நிறுத்தச் சொன்னார்கள்.
லொறிக்காரன் தண்ணீர் ஊற்றியிருப்பான் என்றார்கள்,
அவனை நாளைக்கு வரவேண்டாம் என்று
சொல்லியாயிற்று என்றார்கள்.

எண்பது மில்லிமீற்றர். நான்தானே அளந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது,
கொச்சிக்காய் உறைக்கிற மாதிரி:
முதலில் ஒன்றுமில்லை,
பிறகு காதுமடல் வரைக்கும்.

'பெட்டியின் பிளக்கைக் கழற்றியது நான்.'

லாட்டினென் கத்தவில்லை.
கத்தியிருந்தால் அழுதிருக்கலாம்.
ஒரு படிவத்தை மேசையில் தள்ளிவிட்டார்.
'காரணம்' என்ற கட்டம் தீப்பெட்டி அளவு.
அம்மாவுக்கு அதில் இடமில்லை,
மூன்று வீதத்துக்கும் இல்லை.
என்னை நானே படர்க்கையில் எழுதினேன்:
மாணவி மின்சாரத்தைத் துண்டித்தார்.
பேனையை வைக்கப் போனேன். வைக்கவில்லை.
பதிவையும் மாற்றினார்.
அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

பாலத்திலிருந்து மூன்று துண்டுகள் துளைத்தெடுத்தார்கள்.
முப்பத்திநாலு.
அன்றிரவு அது கம்பளி போர்த்திக்கொண்டு
தன்பாட்டில் கிடந்திருக்கிறது.
துளைத்த செலவு
என் நாலு மாதச் சம்பளத்தைத் தாண்டுமாம்.
மார்சி பகிடியாகத்தான் சொன்னாள்.

ட்வெய்ன் திரும்பி வந்தான்.
என்னோடு கதைக்கவில்லை. நியாயம்தான்.
லொறி மேலிருந்து இறங்கி,
நான் கூம்பைத் தூக்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.
பிறகு குந்தியிருந்து
அளவுகோலைத் தானே பார்த்தான்.

நான் கொஞ்சம் நகர்ந்து
வெளிச்சம் விட்டேன்.