ஒட்டாமற் போனவை

முதலில் கொண்டுவந்தவர் இமெல்டா ரீச்சர்,
கைலேஞ்சி மூலையில் முடிச்சிட்டு
பூசைக்குக் கொண்டுபோகும் சில்லறையைப் போல.
"நாலாம் நாளே கழண்டிட்டுது டொக்டர்.
பாண்தான் கடிச்சனான்."
ஒடியல் கடிச்சனீங்களோ என்று கேட்டேன்.
சத்தியம் பண்ணினார்.
நான் நம்பவில்லை.

அடுத்த கிழமை வாகீசன்,
மல்லாகம் கோட்டில் லிகிதர்,
நெருப்புப்பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் துண்டு.
பிறகொரு பெடியன்,
விழுங்கிப்போட்டன் என்று சிரித்தான்,
முன்பல்லில் நான் அடைத்த இடம்
பழையபடி ஓட்டையாக.

துண்டுகளை விளக்கின் கீழ் புரட்டினேன்.
அடிப்பக்கம் வழுவழுவென்று.
எதையும் ஒருபோதும் பிடித்திராத முகம்.

அமிலம் பூசிப் பதினைந்து விநாடி.
கழுவி உலர்த்தினால்
பல்லின் மினுக்கம் போய்
சோக்கட்டி வெள்ளை வரும்.
கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் குழிகள்
திறந்து கிடக்கும் அப்போது.
பசை அதற்குள் வேர்விட வேண்டும்.
அந்த அரை நிமிடத்தில்
எச்சில் ஒரு சொட்டு,
முரசில் ஒரு கசிவு,
"இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்க
நாக்கு ஒருதரம் புரண்டாலே
போதும்.

எனவே நாக்குகளைக் காவல் காத்தேன்.
இறப்பர்த் திரை கட்டினேன், பஞ்சு அடைந்தேன்,
கையுறையை இரண்டுதரம் மாற்றினேன்,
கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில்
புதுப் பசை எடுப்பித்தேன்.
"மூக்கால மூச்சு விடுங்கோ!"
அதட்டினேன், வயதானவர்களையும்.

மூன்றாந்தரம் வந்த ரீச்சர் கோபிக்கவில்லை.
"என்ரை வாயிலதான் ஏதோ பிழை போல" என்றார்.

அன்று இரவு,
கடைசி ஆளும் போன பிறகு,
காற்றுக் குழாயை வாய்க்கண்ணாடிக்கு நேரே பிடித்து
சும்மாதான் அழுத்தினேன்.
ஒரு மங்கல் படிந்தது.
காத்திருந்தேன், காயவில்லை.
விரலால் தொட்டேன், வழுக்கியது.
மணந்தேன்.
தையல் மெசின் மணம்.

மாடிப்படியின் கீழ் கொம்பிறசர்
தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது.
வடிகட்டியை எப்போது மாற்றினேன்
என்று எனக்கே ஞாபகமில்லை.
எல்லாவற்றையும் கழுவி,
எல்லாரையும் அதட்டி,
கடைசியில் உலர்த்துகிறேன் என்று
ஒவ்வொரு பல்லிலும் எண்ணெய் பூசியது
இந்தக் கைதான்.

சுண்ணாகத்துக்காரி நான்.
கிணற்றில் எண்ணெய் என்று
ஊரே போத்தலும் கையுமாகத் திரிந்த நாட்களில்
வாளித் தண்ணீரில் வானவில் தேடிப் பழகியவள்.
இன்றைக்கும் குடிக்க முன்
கிளாசை வெளிச்சத்தில் பிடிப்பேன்.
காற்றைப் பிடித்துப் பார்க்க
ஒருநாளும் தோன்றவில்லை.

விடிந்ததும் கோல் எடுத்தேன்.
"பிழை உங்கடை வாயில இல்லை ரீச்சர்.
என்ரை மெசினில. என்னில."
காசு வேண்டாம், வாங்கோ என்றேன்.
அந்தப் பக்கம் நீண்ட நேரம்
காகம் கரைவது மட்டும் கேட்டது.

பிறகு, தணிந்த குரலில்,
"உண்மையைச் சொன்னா டொக்டர்,
ஒரு நாள்
ஒடியலும் கடிச்சனான்."