பள்ளிக்கூடம் இறங்கு

செக்கானூரணிக்கு மேற்கே நாலாவது நிறுத்தம்.
கண்டக்டர் இன்னும்
"பள்ளிக்கூடம் இறங்கு" என்றுதான் கத்துகிறார்.
அரிசிப்பையும் கேஸ் டியூபுமாக
நாங்கள் இறங்குகிறோம், எங்கள் வீட்டுக்கு.

நாற்பத்திரண்டு அடி நீளம், பதினெட்டு அகலம்.
நடுவில் ஒரு சுவர் கிடையாது.
ஒன்றாப்பையும் அஞ்சாப்பையும் பிரித்தது
ஒரு மூங்கில் தட்டிதான் என்றார் விற்றவர்.
நாங்கள் பீரோவை நிறுத்திப் பிரித்தோம்:
அந்தப் பக்கம் தூக்கம், இந்தப் பக்கம் டிவி,
ஹெட்மாஸ்டர் அறையில் அடுப்பு.
மேலே தேக்கு விட்டம், ஓடு, அணில்.
முதல் மாதம் நாங்கள் போட்ட சண்டையையெல்லாம்
சுவர்கள் எங்களுக்கே திருப்பி ஒப்பித்தன.

ஜன்னல்கள் எல்லாம் வடக்குச் சுவரில்,
என் கழுத்து உயரத்தில்.
உட்கார்ந்த பிள்ளைக்கு ரோடு தெரியக் கூடாது,
வானம் தெரியலாம், அதில் பராக்குப் பார்க்க ஒன்றுமில்லை
என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.
நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்
லாரி தெரியாது,
வைக்கோல் மட்டும் போகும்.

கரும்பலகை கிழக்கே. அதைப் பார்த்து உட்கார்ந்தால்
இடத்தோள் வழியாக வெளிச்சம் வந்து நோட்டில் விழும்.
எழுதும் கையின் நிழல் எழுத்தில் படாது.
நல்ல யோசனைதான்.
நான் இடக்கைக்காரி.
எல்.ஐ.சி. தவணைக் கணக்கு எழுத எழுத
என் கையே எனக்குமுன் போய் இருட்டாக நிற்கிறது.

தேர்தலன்று காலை ஏழு மணிக்கு
பூத் சிலிப்போடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.
புதுக் கட்டடத்துக்கு வழி சொன்னேன்.
ஒருத்தர் போகவில்லை,
சமையலறையைப் பார்த்துச் சொன்னார்:
"இங்கதான் முட்டி போட்டிருக்கேன்."

மழைக்கு முன் சுவரைச் சுரண்டினோம்,
ஒச்சப்பனும் கொத்தனார் சீனிச்சாமியும்.
மேலே மஞ்சள், அதன் கீழே நீலம்,
யாரோ ஆசையாக அடித்த ரோஸ்,
பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
கடைசி வெள்ளையில், பின்கதவுக்குப் பக்கத்தில்,
கறுப்பாகத் தீற்றல்கள். நூறு இருக்கும்.
பிள்ளைகள் மை துடைத்தது என்றேன்.
இந்த உயரம் எந்தப் பிள்ளைக்கு எட்டும்?

ஒச்சப்பன் கரண்டியை நிறுத்திவிட்டு
ஒரே வார்த்தை சொன்னான்: "ரேகை."

பகலில் பிள்ளைகளுக்கு ஆஜர் எடுத்த இடத்தில்
ராத்திரி அப்பன்மாருக்கு எடுத்தார்களாம்.
ரேகைச் சட்டக் காலம்.
பேர் கூப்பிட, வந்து நின்று,
பெருவிரலை மையில் வைத்து, தாளில் வைத்து,
கொட்டாவியோடு திரும்பிப் போகையில்
மிச்ச மையைச் சுவரில் இழுவியிருக்கலாம்.
கேள்விப்பட்டதுதான், அவனுக்கும் சரியாகத் தெரியாது.
அவன் தாத்தாவின் விரல் இதில் எது என்று
நான் கேட்கவில்லை. அவனும் தேடவில்லை.

"புட்டி வச்சா ஒரே நாள்ல மறைஞ்சிரும்"
என்றார் சீனிச்சாமி.
பதில் வராததால் டீ குடிக்கப் போனார்.

மறுநாள் ரேஷன் கடையில்
ஒச்சப்பனின் விரலை மெஷின் எடுக்கவில்லை.
நாலு தடவை வைத்தானாம்.
சுண்ணாம்புத் தண்ணி தின்றிருக்கிறது.
சர்க்கரை இல்லாமல் வந்தவன்
வாசலிலேயே சிரித்துக்கொண்டு
வழவழவென்று கிடந்த விரலை நீட்டினான்:
"இனி என்னை எவனும் புடிக்க முடியாது."

அந்தச் சுவரை மட்டும் ஒரு கதவு அகலத்துக்கு
அப்படியே விட்டிருக்கிறோம்.
பக்கத்தில் ஃப்ரிட்ஜ். வேறு இடமில்லை.

மேஜையை நான் திருப்பிப் போட்டுவிட்டேன்.
கரும்பலகை முதுகுக்குப் பின்னால்,
அதில் பால் கணக்கு.
வெளிச்சம் வலப்பக்கம் வருகிறது,
என் எழுத்து எனக்குத் தெரிகிறது.
பாலிசிக்குக் கைநாட்டு வைக்க வருகிறவர்களுக்காக
மேஜையில் ஒரு பழைய துணி போட்டிருக்கிறேன்.
யாரும் அதைத் தொடுவதில்லை.
விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு
"அடுத்த தவணை எப்ப?" என்கிறார்கள்.