ஒன்பது நாள் ஆட்டக்காரன்

குளியலறைச் சுவரை உடைத்தபோது விழுந்ததாம்.
குழாய் வேலை செய்யும் லைல் ஹோஸ்டெட்லர்
சுண்ணாம்பு அப்பிய கையால்
ஒரு தகர டப்பாவை என் மேசையில் வைக்கிறார்.
வெளியே ஈரி ஏரியின் பனி
பக்கவாட்டில் பெய்கிறது.

பதினேழு பேஸ்பால் அட்டைகள்.
ஒன்றிலும் வருஷம் இல்லை.
முன்னால் மட்டையும் முழங்கால் சராயுமாய் ஆட்கள்,
பின்னால் சிகரெட் விளம்பரம்.

“வீடு கட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு.
அட்டையும் எட்டுதானே?”
அவர் குரலில் அதற்குள் ஒரு புது டிரக் ஓடுகிறது.

முதலில் ஹார்லன் பிட்ஸ்.
பெரிய ஆள். பத்தொன்பது சீசன், ஒரே கிளப், ஒரே தொப்பி.
அவரிடம் வருஷம் கேட்பது
ஏரியிடம் கிழமை கேட்பது.
ஓரமாய் வைக்கிறேன்.

டச் வெக்கர் கொஞ்சம் வாய் திறக்கிறார்.
டோலிடோவுக்கு அவரை விற்றது பதினொன்று, மார்ச்.
தலையில் டோலிடோவின் சிவப்பு.
லென்ஸ் வைத்தால், புகைப்படத்தின்மேல் பூசிய சாயம்;
காலரில் மட்டும் பழைய கிளப்பின் நீலம் தப்பியிருக்கிறது.
அச்சகத்துப் பையன்
சாப்பாட்டு மணிக்கு எழுந்து போயிருப்பான்.
ஆக, எட்டு இல்லை.
லைலின் டிரக் பழைய டிரக் ஆகிறது.

ஏமஸ் ஃப்ரிக் பெயருக்குக் கீழே ‘கேப்டன்’.
நடுவரைக் குத்தி அந்தப் பதவியை அவர் இழந்தது
பன்னிரண்டு, ஆகஸ்ட்.
இரு பக்கமும் அடைத்தாயிற்று.
நடுவில் பதினேழு மாதம் கிடக்கிறது.

அடியில் ஒட்டிக்கிடந்தவனை
நகத்தால் கிளப்புகிறேன்.
ஆர்வில் நோல்டே.
எந்தத் தொகுப்பிலும் இல்லை.
மைக்ரோஃபிலிமில் ஒரு மணி நேரம் சுழற்றினால்
டோலிடோவில் ஒன்பதே நாள்,
பன்னிரண்டு, ஜூன் நான்கிலிருந்து.
மூன்று ஆட்டம், ஒரு ஹிட், இரண்டு பிழை.
பிறகு சாண்டஸ்கிக்கு ரயில்.
அந்த ஒன்பதில் ஏதோ ஒரு காலை
கேமராக்காரன் வந்திருக்கிறான்.
மை காய ஒரு மாதம் கூட்டிக்கொண்டாலும்
பன்னிரண்டு, ஜூலை.

லைல் விலை கேட்கவில்லை.
“அப்படியானால் அந்தச் சுவரை
எனக்கு முன்னாலும் ஒருத்தன் உடைத்திருக்கிறான்.
அதான் பார்த்தேன்,
அந்த ஈயக் குழாய் அங்கே பொருந்தவே இல்லை!”

பதினாறை விற்கச் சொல்லி விட்டுப்போகிறார்.
நோல்டேயைச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார்,
டைல் ஒட்டுமுன் உள்ளே வைக்க.
அடுத்த குழாய்க்காரன் குழம்புவானே என்றேன்.
“உங்கள் ரசீதையும் சேர்த்து வைக்கிறேன்.”

கார் போன பிறகு நகலைப் பார்க்கிறேன்.
பிப்ரவரி ஆறு, செவ்வாய்.
வருஷம் போடவில்லை.