உப்புக்குச் சப்பாணி

பதினேழாம் குப்பியும்
ஈரம் குடித்துக் கூழாயிற்று.
வெளியே சாஸ்கட்டூன், மைனஸ் முப்பத்தொன்று.
இந்த எஃகுப் பெட்டிக்குள் மட்டும்
நாற்பது டிகிரி, புழுக்கம்.
இதில் தாங்கவேண்டும்.

மருந்து பழையதுதான்.
அமிலத்தைத்தான் மாற்றி மாற்றிக் கட்டிவைக்கிறோம்.
எலுமிச்சை அமிலத்தோடு பிசுபிசுத்தது,
ஆப்பிள் அமிலத்தோடு
இரண்டே நாளில் பிரிவு.

“உப்புக்குச் சப்பாணி” என்று நான் சொன்னதை
டாரியாவுக்கு விளக்க அரைமணி பிடித்தது:
ஆட்டத்தில் இருக்கும், ஆடாது.
சர்க்கரையைத் தொடக்கூடத் தொடாது.
ஆனால் அது விலகினால்
மாத்திரை குழைந்துவிடும்.

இரவு பத்தரை. பதினெட்டாவது.
புளியின் அமிலம்.
தட்டினேன்.
காய்ந்த மணலாய் உதிர்ந்தது.

காப்புரிமை வக்கீலுக்கு மெயில் அடிக்குமுன்
விரலைக் குத்திப் பார்த்தேன்;
கனடாக் கணக்கில் பதினொன்று புள்ளி ஏழு.
கைப்பையில் இருந்தது
பழைய உப்பு.
தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.