வலது சுவர்

கருவி செய்தவருக்கு,
தேவகோட்டையிலிருந்து அமலோற்பவம்.
பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு.
எப்படி இருந்தது என்று கேட்டு
அடியில் ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள்.
ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார் முதலாளி.
நட்சத்திரத்தில் இதையெல்லாம் சொல்ல முடியாது.

முதலில் நல்லது.
கூட்டல் குறி, கழித்தல் குறி, ஒரு நெட்டைக்கோடு.
இவ்வளவை வைத்து ஒரு வீடே எழுப்பிவிடலாம்.
படமாக அனுப்பினால் பினாங்கில் திறக்காது,
ஓசூரில் தலைகீழாகத் திறக்கும்.
எழுத்தால் வரைந்ததை
முப்பத்தெட்டுப் பங்குக்காரர்களும் திறந்தார்கள்.
திறந்து, ஆளாளுக்குத் திருத்தினார்கள்.
அது உங்கள் குற்றமில்லை.

இனி குறை.
கண்ணப்பன் என்று தட்டினேன்.
பெட்டியின் வலது சுவர்
அந்த வரியில் மட்டும் மூன்று இடம் உள்ளே விழுந்தது.
விரல் விட்டு எண்ணினேன், ஆறெழுத்து.
உங்கள் கருவி ஒன்பது என்கிறது.
ண் மேல் ஒன்று, ப் மேல் ஒன்று, ன் மேல் ஒன்று,
மூன்று புள்ளிக்கும்
தனித்தனி அறை ஒதுக்கியிருக்கிறது.
ஐயா, புள்ளி தலைக்கு மேல் இருப்பது.
அதற்குத் தரையில் இடம் வேண்டாம்.

எழுதிவிட்டு நானே சிரித்தேன்.
இந்த ஊரில் புள்ளி என்றால்
கல்யாணமான ஒரு சோடி.
கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான்.
பெரிய வீட்டில் புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு.
அந்தப் பூட்டுகளின் பட்டியலைத்தான்
மூன்று வாரமாக வரைந்துகொண்டிருக்கிறேன்.
உங்கள் கருவிக்கு இதை யார் சொன்னது?

அடுத்தது கொஞ்சம் பெரிய குறை.
பெட்டியை நகர்த்தினால்
கோடு கூட வருவதில்லை.
பழைய இடத்திலேயே நிற்கிறது,
அம்பு வெறும் வெளியைக் காட்டிக்கொண்டு.

வயிரவன் என்று ஒருவர்.
இரண்டாம் வீட்டில் பிறந்தவர்.
ஏழு வயதில் நான்காம் வீட்டார்
பிள்ளை கூட்டிக்கொண்டார்கள்.
சட்டப்படி அவர் பெட்டி நான்காவது வரிசையில்.
எலியால் இழுத்துக் கொண்டுபோய் வைத்தேன்.
கோட்டைக் கவனிக்கவில்லை.
மின்சாரம் வேறு போவதும் வருவதுமாக,
நீங்களோ சேமிக்கட்டுமா என்று கேட்பதே இல்லை.
அவசரத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஈப்போவிலிருந்து அழைத்தார்.
"இரண்டாம் வீட்டிலிருந்து ஒரு கோடு
எங்கேயும் போகாமல் நிற்கிறதே, அது என்ன?"
பிழை ஐயா, அழித்துவிடுகிறேன் என்றேன்.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"பத்திரத்தில் அழித்துவிடுங்கள்.
அங்கே எனக்குப் பங்கில்லை, அது சரிதான்."
பிறகு, இருமிக்கொண்டு,
"எனக்கு அனுப்பியதில் இருக்கட்டும்."

பத்திரத்தில் அழித்தேன்.
அழிப்பான் பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்து அழித்தது,
இது மூன்றாவது குறை.
முந்தைய நிலைக்குப் போ என்றால்
ஒரே ஒரு படி போகிறது.
எனக்கு ஏழு படி வேண்டியிருந்தது.

என் கோரிக்கை இது.
பெட்டி நகர்ந்தால் கோடும் நகரட்டும்.
ஆனால் நகர்த்தும் முன்
கூட வருகிறதா, நிற்கிறதா என்று
ஒருமுறை கேட்கட்டும்.
புள்ளிக்கோடு என்று ஒரு வகையும் வேண்டும்.
இப்போது நேர்கோடு மட்டும்தான் இருக்கிறது.
இங்கே பாதிப்பேருக்கு அது பொருந்தாது.

பின்குறிப்பு:
நகலெடு பொத்தானும் அழி பொத்தானும்
ஒட்டி ஒட்டி இருக்கின்றன.
கொஞ்சம் தள்ளி வையுங்கள்.
நட்சத்திரம் நான்கு போட்டிருக்கிறேன்.
கண்ணப்பன் சுவர் நிமிர்ந்ததும்
ஐந்தாவது.