நிமிடத்துக்கு இருபது சொட்டு

ரங்கூன் கப்பலில் வரும் எண்ணெய், வாரம் ஒரு டின்.
எங்கே போகிறது என்றார் அடைக்கப்ப செட்டியார்.
வண்டி குடிக்குதுங்க, என்றான் மதார்சா.
குடித்தது திரும்பாதா?
திரும்பாது. எரியும், ஒழுகும், நீலப் புகையாப் போகும்.

வட்டி தவறினாலும் முதல் தவறாத பெட்டகசாலையில்
இப்படியொரு பற்று எழுதிப் பழக்கமில்லை.
சொட்டை எண்ணச் சொல்லி
கணக்கெழுதும் என்னை முன்சீட்டில் ஏற்றினார்கள்.

கண்ணாடிக் குமிழுக்குள்
நுனியில் பருத்து, தயங்கி,
விழும்.
பள்ளத்தூரில் இருபது.
கானாடுகாத்தானில் வெயில் ஏற, எண்ணெய் இளகி, இருபத்தாறு.
மதார்சா திருகை மயிரளவு மூடுவான்,
மேடு வந்தால் திறப்பான்.
காதால் ஓட்டுகிறவன்.

திருமயத்தில் அவன் மோர் குடிக்க இறங்கினான்.
மாதக் கடைசி.
திருகை நான் தொட்டேன்.
பத்து.

நமனசமுத்திரத்துக்கு முன்னால்
முதலில் அடிப்பிடித்த வாடை,
பிறகு உள்ளே யாரோ கதவைத் தட்டுவதுபோல,
பிறகு காற்று மட்டும்.

புளியமரத்தடியில் அடித்தட்டைக் கழற்றினான்.
தண்டைத் தாங்கிய வெள்ளீயம்
உருகிச் சொட்டி உறைந்திருந்தது.
பதினேழு சொட்டு. எண்ணிவிட்டேன், பழக்கம்.
மதார்சா திருகைப் பார்த்தான்.
என் பெருவிரலைப் பார்த்தான்.
மாட்டுவண்டி பிடிக்கப் போனான்.

பட்டணத்து மெக்கானிக் கூலி நூற்று நாற்பது.
காரணம்: டிரைவர் அசட்டை, என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
'டிரைவர்' வரைக்கும் மை ஓடியது.
அடுத்த சொல்லில், விரல் பட்டிருந்த இடத்தில்,
தாள் மையைக் குடிக்கவில்லை.